மின்கித்தார்: பெயரின் மதிப்பும் கைவினையின் மதிப்பும்

ஒரு பொருளை அதன் பெயரைக் கொண்டு மதிப்பிடுவது உலக வழக்கு. பெயர் பெற்ற கடிகாரம், பெயர் பெற்ற மிதிவண்டி, பெயர் பெற்ற பேனா என்று நாம் தேடி வாங்குகிறோம். இவ்வழக்கு முற்றிலும் தவறானதன்று. பொருளின் உள்ளே இருப்பதை ஆராய்ந்தறியும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆதலின், அறிந்தவர் பலர் முன்பே நம்பிய பெயரை நாமும் நம்புகிறோம். ஆயினும், கொடுக்கும் விலையில் பொருளுக்கு உரியது எவ்வளவு, பெயருக்கு உரியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. நம் இளைஞர் பெரிதும் விரும்பும் மின்கித்தாரை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

மின்கித்தார் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1960-களில் ஊர்தோறும் இளைஞர் குழுக்கள் அதனை மீட்டின. அக்குழுக்களுக்கு வழங்கிய 'கூகிரான்' என்னும் பெயர், விறுவிறுப்பான கித்தார்க் குழு எனப் பொருள்படும் மலாய்த் தொடரின் சுருக்கமேயாகும். இன்று டெங்கில் போன்ற ஊர்களின் அடுக்குமாடி வீடுகளிலும் தோட்டப்புறங்களிலும் அதன் ஓசையைக் கேட்கலாம். பிள்ளை கித்தார் வேண்டுமென்று கேட்கிறான். கடைக்குச் சென்று பார்த்தால், சில நூறு வெள்ளியில் ஒன்று தொங்குகிறது. அமெரிக்காவில் செய்யப்பெற்ற புகழ்வாய்ந்த கித்தாரோ பத்தாயிரம் வெள்ளியையும் தாண்டுகிறது. நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் 2025-ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அக்கணக்கின்படி பத்தாயிரம் வெள்ளி என்பது ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ ஆறு மாத உழைப்பு. இவ்விரண்டுக்கும் இடையே, ஒருவரோ இருவரோ தம் கையால் செய்து தரும் சிறு பட்டறைக் கித்தார்களும் உள்ளன. எதனை வாங்குவது தகும்?

ஒலி பிறக்குமாறு

வீணையில் ஒலி பிறப்பது வேறு. மின்கித்தாரில் பிறப்பது வேறு. வீணையின் தந்தி அதிரும்போது, குதிரையின் வழியாக அவ்வதிர்ச்சி பலாமரக் குடத்துக்குச் சென்று அதன் மேற்பலகையையும் உள்ளிருக்கும் காற்றையும் அதிர்விக்கின்றது. ஆகவே மரத்தின் வயது, பக்குவம், குடைந்த பலகையின் கனம் ஆகியவையே வீணையின் உயிர். மின்கித்தாரின் உடலோ பெரும்பாலும் குடையப்படாத திண்ணிய மரக்கட்டை. அதன் எஃகுத் தந்திகளின் அடியில் பிக்கப் என்னும் உறுப்பு பொருத்தப்பட்டுள்ளது. காந்தத் துண்டுகளைச் சுற்றிலும் தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றியதே பிக்கப். அருகிலுள்ள எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் மாறும். அம்மாற்றம் கம்பிச் சுருளில் மின்னோட்டத்தை எழுப்பும். 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் விதியே இது. எழுந்த சிறு மின்னோட்டத்தை ஒலிபெருக்கி பெரிதாக்கி நம் காதுக்குத் தருகிறது. நைலான் தந்தி கட்டினால் இக்கருவி பேசாது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை என்ன? மின்கித்தாரின் ஒலியை முதன்மையாகத் தீர்மானிப்பவை தந்தி, அதன் நீளம், பிக்கப்பின் அமைப்பு, அது வைக்கப்பட்ட இடம், ஒலிபெருக்கி, மீட்டுவோர் விரல் ஆகியவையே. ஒரே கித்தாரில் குதிரைக்கு அருகிலுள்ள பிக்கப் கூர்மையாகவும், கழுத்துக்கு அருகிலுள்ளது குழைவாகவும் ஒலிப்பதை யாரும் கேட்டறியலாம். மரத்தின் பங்கு எவ்வளவு என்பதில் வாதம் உண்டு. ஆனால் வீணையில் அதற்குள்ள தலைமை மின்கித்தாரில் இல்லை என்பது தெளிவு. மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை அளவுகோலால் அளக்கத்தக்கவை, கடையில் வாங்கத்தக்கவை. ஆகவே பெருந்தொழிற்சாலையால் மட்டுமே செய்யக்கூடிய மறைபொருள் எதுவும் இதில் இல்லை.

மெட்டுகளின் இடமும் அவ்வாறே. வீணையில் 24 பித்தளை மெட்டுகளை மெழுகுக் கலவையின்மேல் பதித்து, கைதேர்ந்தவர் காதால் கேட்டு நிறுத்துவர். கித்தாரின் மெட்டுகள் கணக்கால் நிறுத்தப்படுவன. தந்தியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. ஃபெண்டர் கித்தாரின் தந்தி நீளம் 648 மில்லிமீட்டர். அதன்படி முதல் மெட்டு 36.4 மில்லிமீட்டரில் வரும். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், 324 மில்லிமீட்டரில் அமையும். இக்கணக்கு டெங்கிலிலும் ஒன்றே, கலிபோர்னியாவிலும் ஒன்றே.

பெரும்பெயர்கள் பிறந்த இடம்

இன்று பெரும்பெயர் எனப்படுவன யாவும் ஒருகாலத்தில் சிறு பட்டறைகளாக இருந்தவையே. ஆர்வில் கிப்சன் என்பவர் அமெரிக்காவின் கலமசூ நகரில் காலணிக் கடையில் வேலை பார்த்தவர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் சிறு பட்டறையில் மாண்டலின்களைச் செய்யத் தொடங்கினார். 1902-இல் முதலீட்டாளர் சிலர் அவர் பெயரால் நிறுவனம் அமைத்தனர். மின்கித்தாருக்கு வழிகாட்டியாக 1930-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிசில் ஜார்ஜ் போஷாம்ப், அடால்ப் ரிக்கன்பேக்கர் ஆகியோர் செய்த அலுமினியக் கருவி, பார்வைக்குக் கைப்பிடி நீண்ட பொரிசட்டி போன்றிருந்தது. மக்களும் அப்பெயரையே அதற்கு இட்டனர். லியோ ஃபெண்டர் 1938-இல் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் என்னும் ஊரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்தவர். அவருக்குக் கித்தார் மீட்டத் தெரியாது. அவர் 1950-இல் வெளியிட்ட கருவியே மறு ஆண்டு டெலிகாஸ்டர் எனப் பெயர் பெற்றது. 1954-இல் ஸ்டிராட்டோகாஸ்டர் வந்தது. கழுத்தை உடலோடு ஒட்டாமல் திருகாணிகளால் பிணைத்தது அவருடைய முறை. கழுத்து கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம் என்பது பழுதுபார்ப்பவரின் சிந்தனையன்றோ!

பெயர் நிற்கப் பொருள் மாறுதல்

பெயரை மட்டும் நம்புவோர் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. பெயர் விற்கப்படும் பொருள். கைத்திறன் அவ்வாறு எளிதில் கைமாறுவதில்லை.

1965-ஆம் ஆண்டு சனவரியில் லியோ ஃபெண்டர் தம் தொழிலை சி.பி.எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு விற்றார். தலைப்பகுதியில் எழுதியிருந்த பெயர் மாறவில்லை, கருவி மாறிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல, 1965-க்கு முற்பட்டவற்றையே வாத்தியக்காரர்கள் தேடி, கூடுதல் விலை கொடுத்து வாங்கலாயினர். 1985-இல் அந்நிறுவனத்தை அதன் பணியாளர் குழு ஒன்று மீண்டும் வாங்கியது. இதற்கிடையில் லியோ ஃபெண்டர் ஓய்ந்திருக்கவில்லை. 1991-இல் மறையும்வரை புதிய கித்தார்களை வகுத்துக்கொண்டே இருந்தார். ஆனால் அவற்றின்மேல் 'ஃபெண்டர்' என்று எழுதும் உரிமை அவருக்கு இல்லை. பெயருக்கு உரியவர் செய்த கருவி அப்பெயரின்றி விற்றது. அவர் கைபடாத கருவி அப்பெயரோடு விற்றது.

கிப்சனின் கதை இதற்கு இணையானது. அந்நிறுவனம் தன் தொழிலைப் படிப்படியாக நாஷ்வில் நகருக்கு மாற்றி, 1984-இல் கலமசூ தொழிற்சாலையை மூடியது. அங்குப் பல்லாண்டு உழைத்த பணியாளர் சிலர் ஊரைவிட்டுச் செல்ல விரும்பவில்லை. அவர்கள் 1985-இல், அதே பார்சன்ஸ் தெருக் கட்டடத்தில், கிப்சன் விட்டுச்சென்ற பொறிகளைக்கொண்டே 'ஹெரிட்டேஜ்' என்னும் பெயரில் சிறு நிறுவனம் தொடங்கினர். பெயர் நாஷ்வில்லுக்குச் சென்றது. கைகளும் கருவிகளும் கலமசூவில் நின்றன. இவற்றுள் எது உண்மையான கலமசூக் கித்தார் என்று கேட்டால், தலையில் எழுதிய எழுத்து விடை சொல்லாது.

ஜப்பானில் நிகழ்ந்தது மற்றொரு வகை. நகோயா நகரத்து ஹோஷினோ நிறுவனம் முதலில் ஸ்பெயின் நாட்டுக் கித்தார்க் கைவினைஞர் சால்வடோர் இபானெஸின் கருவிகளை வரவழைத்து விற்றது. பின்னர் அப்பெயரையே தன் பெயராக்கிக் கொண்டது. இன்று உலகெங்கும் விற்கும் இபானெஸ் கித்தார்களின்மேல் இருப்பது ஒரு சிறு பட்டறைக்காரரின் பெயரே! 1970-களில் இந்நிறுவனம் கிப்சனைப் போன்ற கித்தார்களை மலிவாக விற்றது. 1977-இல் கிப்சனின் உரிமையாளரான நார்லின் நிறுவனம், இபானெஸை அமெரிக்காவில் விற்ற எல்கர் என்பார்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு எதனைப் பற்றியது? ஒலியைப் பற்றியதன்று, தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றியது. ஒலிக்கு மிகக் குறைவாகவே உதவும் பகுதியே வணிகத்தில் பெருமதிப்புடையதாக இருந்தது என்பதை இது காட்டுகிறது.

மேலும், பெரும்பெயர்க் கித்தார்கள் பல இன்று அப்பெயர்க்குரியவரின் சொந்தத் தொழிற்சாலையில் செய்யப்படுவதில்லை. நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் சுராபாயா நகரிலுள்ள கோர்ட் தொழிற்சாலை, வெவ்வேறு நிறுவனங்களின் பெயர்களில் கித்தார்களைச் செய்து அனுப்புகிறது. நம் காடுகளிலும் வளரும் ஞாத்தோ மரம் அவ்வகைக் கித்தார்கள் பலவற்றின் உடலாகின்றது. இக்கருவிகள் தாழ்ந்தவை என்பது கருத்தன்று. அவற்றுள் நல்லவை பல. பெயர் வேறு, செய்தவர் வேறு என்பதே கருத்து.

கண்ணை மறைத்துச் செய்த சோதனை

அரசாங்கத் தேர்வில் விடைத்தாளின்மேல் மாணவன் பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும். திருத்துவோர் பெயரைக் கண்டு மயங்கக் கூடாது என்பதே காரணம். இசைக்கருவிகளையும் இவ்வாறு சோதித்திருக்கின்றனர். அச்சோதனை வயலினைப் பற்றியது. ஆயினும் நம் கேள்விக்கு நேரே விடை தருவது.

2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில், கிளாடியா பிரிட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் ஜோசப் கர்ட்டின் என்னும் வயலின் கைவினைஞரும் பிறரும் சேர்ந்து 21 கலைஞரிடம் ஆறு வயலின்களைக் கொடுத்தனர். மூன்று புதியவை, மூன்று பழையவை. பழையவற்றுள் இரண்டு ஸ்டிராடிவாரியின் கைவேலை. ஒன்று குவார்னேரியின் கைவேலை. கலைஞர்கள் எதனை வாசிக்கிறோம் என்று காணாதவாறு ஒளி மங்கிய அறையில் கண்மறைப்புக் கண்ணாடி அணிந்து வாசித்தனர். பழைய மரத்தின் மணம் காட்டிக்கொடுக்காதிருக்க, மோவாய் வைக்குமிடத்தில் நறுமணமும் தடவப்பட்டது. எதனை வீட்டுக்குக் கொண்டுசெல்ல விரும்புவீர் என்று கேட்டபோது, 8 பேரே பழையவற்றைத் தேர்ந்தனர். 13 பேர் புதியவற்றைத் தேர்ந்தனர். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்டிராடிவாரி. சோதனையின் முடிவுகள் 2012-இல் வெளியாயின.

பழைய வயலின்கள் தாழ்ந்தவை என்று இதனால் முடிவுகட்டக் கூடாது. வாசித்தவர் சிலரே, வயலின்களும் சிலவே. ஆனால் பெயர் மறைந்தபோது, இக்காலச் சிறு பட்டறைக்காரரின் கைவேலை மிகப்பெரும் பெயர்களின் அருகே தலைநிமிர்ந்து நின்றது என்பது உறுதி. மரத்தின் பங்கு மிகுந்த வயலினிலேயே இது நிகழுமாயின், மின்கித்தாரில் ஏன் நிகழாது?

பெயரால் வரும் நன்மை

அப்படியாயின் பெயர் வெறும் ஏமாற்றோ? அன்று. பெருந்தொழிற்சாலையின் தலையாய சிறப்பு ஒருமை. கணினி இயக்கும் பொறி, ஆயிரம் கழுத்துகளையும் ஒரே அளவில் கடைந்து தரும். முதல் கித்தாரும் நூறாவது கித்தாரும் பெரிதும் ஒத்திருக்கும். ஓர் உறுப்பு கெட்டால் மாற்றுறுப்பு எளிதில் கிடைக்கும். பழுதானால் பொறுப்பேற்கும் காலவரை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் ஆர்வம் மறு ஆண்டே வற்றிவிட்டால், பெயருள்ள கித்தாரை ஓரளவு விலைக்கு விற்றுவிடலாம். சிறு பட்டறைக் கித்தார் எவ்வளவு நல்லதாயினும், அதன் அருமையை அறிந்தவர் கிடைத்தால்தான் விலைபோகும். குறைந்த வருவாயுள்ள குடும்பத்துக்கு இது சிறிய செய்தியன்று.

பெரும்பெயர் நிறுவனங்கள் தந்த கண்டுபிடிப்புகளையும் மறுத்தல் ஆகாது. தந்திகளின் இழுப்பால் கழுத்து வளையாதபடி உள்ளே செலுத்தும் எஃகுக் கம்பி, 1920-களில் கிப்சன் நிறுவனத்தில் தோன்றியது. அருகிலுள்ள மின்விளக்கு முதலியவற்றால் எழும் இரைச்சலைத் தவிர்க்க, சேத் லவர் என்னும் அந்நிறுவனப் பொறியாளர் 1950-களில் இரண்டு சுருள்கள் கொண்ட பிக்கப்பை அமைத்தார். ஒரு சுருளின் இரைச்சலை மற்றதன் இரைச்சல் அழித்துவிடும். தந்தியின் ஒலியோ கூடிநிற்கும். இன்று சிறு பட்டறைகள் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன.

சிறு பட்டறையின் சிறப்பும் குறையும்

சிறு பட்டறையின் சிறப்பு, வாங்குவோரின் கைக்கும் இசைக்கும் ஏற்பச் செய்து தருதல். சிறு கைக்கு ஒல்லியான கழுத்து, இடக்கையாளருக்கு மாற்றமைப்பு, வேண்டிய தந்தி எண்ணிக்கை ஆகியவற்றை அங்குக் கேட்டுப் பெறலாம். தொழிற்சாலையின் அச்சில் அடங்காத தேவைகள் இசையில் உண்டு. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் கருநாடக இசைக்காக மின் மாண்டலினை மேற்கொண்டபோது, நான்கு இரட்டைத் தந்திகளை விடுத்து ஐந்து ஒற்றைத் தந்திகளை அமைத்துக்கொண்டார். கமகம் பேச வேண்டுமாயின் கருவி இசைக்கு இணங்க வேண்டும். இசை கருவிக்கு இணங்குதல் கூடாது.

வீட்டுப் பட்டறையும் எவ்வளவு உயரலாம் என்பதற்கு இங்கிலாந்தின் பிரயன் மே சான்று. பள்ளி மாணவராக இருந்த அவர், 1963-இல் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில், தம் தந்தையுடன் ஒரு மின்கித்தார் செய்தார். பழைய கணப்பு அடுப்பின் மரம் கழுத்தாயிற்று. மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில் தந்தியைத் தளர்த்தி இழுக்கும் அமைப்பாயிற்று. பின்னாளில் 'குவீன்' குழுவில் உலகப்புகழ் பெற்றபோதும் அதனையே மீட்டினார். இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று: தாமே செய்த பிக்கப்புகள் நிறைவளிக்காமற் போகவே, பர்ன்ஸ் நிறுவனத்தாரின் பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினார். நல்ல பட்டறைக்காரர் இவ்வாறே எதைத் தாம் செய்வது, எதை வாங்குவது என்று அறிவார்.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. ஒரே பட்டறையின் இரண்டு கித்தார்கள் ஒத்திரா. மரத்தை முற்றக் காயவைக்காமல் அவசரமாகச் செய்தால், சில மாதங்களில் கழுத்து திருகிக்கொள்ளும். காத்திருக்கும் காலம் நீளும். பட்டறையை நடத்துபவர் தொழிலை விட்டுவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை.

எனினும் நம் தட்பவெப்பத்தில் பட்டறைக்காரர் அருகிலிருப்பது பெருந்துணை. கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்று எப்போதும் ஈரம் நிறைந்தது. குளிர்சாதன அறையோ வறண்டது. இவ்விரண்டுக்கும் இடையே மாறிமாறி இருக்கும் மரம் வீங்கும், சுருங்கும். விரற்பலகை சுருங்கினால் மெட்டுகளின் முனைகள் வெளியே நீட்டிக் கையைக் கீறும். பெயர் எதுவாயினும் இது நேரும். அப்போது தேவைப்படுவது, அரம் பிடிக்கத் தெரிந்த ஒரு கை.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள்

பின்வரும் சோதனைகளுக்குப் பெரும்பயிற்சி வேண்டியதில்லை.

1. ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்துக. ஏழாம், எட்டாம் மெட்டுகளின்மேல் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி, ஏறத்தாழ கால் மில்லிமீட்டர், இருத்தல் வேண்டும். இடைவெளி மிகுந்தால் கழுத்து வளைந்துள்ளது.

2. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே தந்தியை விரலால் இலேசாகத் தொட்டு மீட்டுக. பின் அதே மெட்டில் அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். சிறிது வேறுபட்டால் குதிரையை நகர்த்திச் சரிசெய்யலாம். சரிசெய்ய இயலாவிடின், மெட்டு அல்லது குதிரையின் இடமே பிழை.

3. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுக. எங்கேனும் கரகரத்தால் மெட்டுகளின் உயரம் ஒவ்வவில்லை.

4. கழுத்தின் இரு ஓரங்களிலும் உள்ளங்கையால் தடவிப் பார்க்க. மெட்டு முனைகள் உறுத்தக் கூடாது.

5. ஒலிபெருக்கியில் இணைத்துத் திருகுகளை மெல்லத் திருப்புக. சடசடப்பு எழுந்தால் உள்ளிணைப்பு நன்றாக இல்லை. ஒலிபெருக்கியின் மூன்றுமுனைச் செருகியில் நிலத்தொடர்புக் கம்பி செம்மையாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க. 1972-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லெஸ்லி ஹார்வி என்னும் கித்தார்க் கலைஞர், நிலத்தொடர்பு சரியாக இல்லாமையால் மேடையிலேயே மின் தாக்கி இறந்தார். இவ்வொன்றில் சிக்கனம் கூடாது.

இச்சோதனைகளைச் செய்யும்போது தலைப்பகுதியின்மேல் ஒரு துணியைப் போட்டு மறைத்துக்கொள்வது நன்று. இணையத்தில் படத்தைப் பார்த்து, பெரும்பெயர் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறதே என்று மகிழ்வோர் பலர் போலியை வாங்கி ஏமாறுகின்றனர். கையில் எடுக்காத கருவிக்குப் பணம் கொடாதிருப்பது நலம்.

முடிபு

தொடக்க நிலையில் உள்ள பிள்ளைக்கு, மேற்கூறிய சோதனைகளில் தேறிய எளிய தொழிற்சாலைக் கித்தாரே போதும். அதன் விலையோடு சிறிது சேர்த்து, தந்தி உயரத்தையும் மெட்டுகளையும் ஒரு கைவினைஞரிடம் சரிசெய்துகொண்டால் அது இருமடங்கு நன்றாகப் பேசும். உயர்த்திக் கட்டிய தந்தியை அழுத்த இயலாமல் விரல் நொந்து கற்பதையே கைவிட்ட பிள்ளைகள் பலர். அது அவர்களின் திறமைக் குறைவன்று. சில ஆண்டுகள் பயின்று, தன் கைக்கும் காதுக்கும் வேண்டுவதைச் சொல்லத் தெரிந்தவனுக்குச் சிறு பட்டறைக் கித்தார் மிகப் பொருத்தமானது. மறுவிற்பனையை எண்ணுவோருக்கும், ஊர் ஊராகச் சென்று வாசித்து மாற்றுறுப்பு உடனே வேண்டுவோருக்கும் பெரும்பெயர் பயன்படும்.

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் வீணை வாங்கச் செல்லும் நம்மவர், 'இது தஞ்சாவூர் வேலையா?' என்றே கேட்பர். கேட்பது நிறுவனத்தின் பெயரையன்று. ஊரையும் அவ்வூர்க் கைகளையும் பற்றி. தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்றதும் அக்கைகளின் பொருட்டே. செய்தவர் யார், எவ்வாறு செய்தார், பிழை நேர்ந்தால் பொறுப்பேற்பாரா என்னும் இம்மூன்று கேள்விகளையும் மின்கித்தாருக்கும் கேட்டுப் பழகுவோமாக. அப்பொழுது பெயருக்கு உரிய மதிப்பைப் பெயருக்கும், கைக்கு உரிய மதிப்பைக் கைக்கும் அளிக்கக் கற்றவர் ஆவோம்.